ஷெட்யூல் சென்ட்: தருமபுரி நடுகல் முதல் உங்க போன் வரை

நண்பனுக்கு நாளைக்குப் பிறந்தநாள். பன்னிரண்டு மணி வரைக்கும் முழிச்சிருக்க முடியாது. பத்து மணிக்கே வாழ்த்தை டைப் பண்ணி, சென்ட் பட்டனை அழுத்திப் பிடிச்சு, நேரத்தை செட் பண்ணிட்டுத் தூங்கிடறோம். சரி, அந்த ரெண்டு மணி நேரம் அந்த மெசேஜ் யார் கையில இருக்கு? இன்னைக்கு எபிசோட் இந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

எழுதுறது இப்போ, போய்ச் சேர்றது பிறகு. இந்த ஏற்பாட்டுக்கு நம்ம ஊர்லயே பழைய உதாரணம் இருக்கு. சங்க காலத்து அதியமானோட தகடூர்தான் இன்றைய தருமபுரி. அங்கேயும், பக்கத்துல கிருஷ்ணகிரி, செங்கம் பகுதிகள்லயும் ஏராளமான நடுகற்கள் கிடைச்சிருக்கு. பெரும்பாலும் ஆநிரைச் சண்டையில, அதாவது மாடு கவரப் போயோ மீட்கப் போயோ செத்த வீரர்களுக்கு நட்ட கற்கள். வில்லோ வாளோ பிடிச்ச ஒரு உருவம். கூடவே சில வரிகள்: எந்த அரசனோட எத்தனையாவது ஆட்சியாண்டு, யாரோட சேவகன், எந்த ஊர்ல எப்படி இறந்தான். பல்லவர் காலத்துக் கற்கள்ல இது வட்டெழுத்துல இருக்கும்.

இனி பிறக்கப் போறவங்களும் படிக்கணும்னு எழுதினதுதான் அது. ஆனா சில நூற்றாண்டுகள்ல வட்டெழுத்து வழக்கொழிஞ்சு போச்சு. கல் அங்கேயே நிக்குது, எழுத்தும் இருக்கு, படிக்க ஆள் இல்லை. இருந்தும் ஊர் மக்கள் அதைக் கைவிடலை. பல இடங்கள்ல அந்தக் கல்லை வேடியப்பன்னு பேர் சொல்லிக் கும்பிட்டு வந்தாங்க. 1970-களில் நாகசாமி தலைமையில் தமிழ்நாடு தொல்லியல் துறை இந்தக் கல்வெட்டுகளைப் படிச்சு, தொகுத்து, நூல்களா வெளியிட்டது. ஆயிரம் வருஷத்துக்கு மேல காத்திருந்த செய்தி அப்போதான் மறுபடி படிக்கக் கிடைச்சது.

கல்லுல டெலிவரி நேரம் குறிக்க முடியாது. நேரத்தை வெச்சு வியாபாரம் பண்ணினது தந்திக் காலம். அமெரிக்காவுல வெஸ்டர்ன் யூனியன் 1910-ல் 'நைட் லெட்டர்'னு ஒரு சேவை கொண்டுவந்தது. ராத்திரி கொடுத்தா மறுநாள் காலையில டெலிவரி. பகல்ல 10 சொல்லுக்கு வாங்கற காசுல இதுல 50 சொல் அனுப்பலாம். ராத்திரியில தந்திக் கம்பிகள் சும்மா கிடக்கும், அதனால பொறுத்திருக்கத் தயாரா இருக்கறவங்களுக்கு விலை குறைவு.

அப்புறம் எஸ்எம்எஸ். 1992 டிசம்பர் 3-ம் தேதி இங்கிலாந்துல நீல் பாப்வொர்த்ங்கிற இன்ஜினீயர் கம்ப்யூட்டர்ல இருந்து ஒரு போனுக்கு கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினார். அதுதான் முதல் எஸ்எம்எஸ். இது ஒரு போன்ல இருந்து இன்னொரு போனுக்கு நேரா போறதில்லை. பழைய நோக்கியா செட்டிங்ஸ்ல 'மெசேஜ் சென்டர் நம்பர்'னு ஒண்ணு பார்த்திருப்பீங்க. அந்த சென்டர்தான் மெசேஜை வாங்கி வெச்சுக்கும். எதிர்ப்பக்கம் போன் ஆஃப்ல இருந்தா, ஆன் ஆகற வரைக்கும் குறிப்பிட்ட காலம் வெச்சிருந்து அனுப்பும். அந்தக் கெடு தாண்டிட்டா அழிச்சிடும்.

கம்பெனிகள் இந்த சென்டர்களோட பேசற நெறிமுறையிலேயே 'இத்தனை மணிக்கு டெலிவரி பண்ணு'ன்னு குறிப்பிட ஒரு இடம் இருந்தது. ஆக, ஷெட்யூல் பண்ற வசதி நமக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே வியாபாரிகளுக்கு வந்துடுச்சு. 2011 செப்டம்பர்ல டிராய் விதி ஒண்ணு அமலுக்கு வந்தது: இரவு 9-ல் இருந்து காலை 9 வரை விளம்பர மெசேஜ் அனுப்பக் கூடாது. நமக்கோ வேற தலைவலி. மெசேஜ் பேக் போட்டிருந்தாலும் தீபாவளி, புத்தாண்டு அன்னைக்கு அது செல்லாது, ஒவ்வொண்ணுக்கும் முழுக் காசு. 'பிளாக் அவுட் டே'ன்னு பேர். அதனால பலர் முந்தின நாளே வாழ்த்தை அனுப்பி வெச்சாங்க.

தமிழ்ல அனுப்பினா இன்னொரு சிக்கல். ஆங்கிலத்துல ஒரு மெசேஜுக்கு 160 எழுத்து, தமிழ்ல 70 தான். அதுலயும் 'கி' மாதிரி எழுத்து ரெண்டா எண்ணப்படும். தமிழ் எழுத்துரு இல்லாத போன்ல வெறும் கட்டங்கள்தான் தெரியும். வட்டெழுத்துக் கல் மாதிரியே, செய்தி வந்து சேர்ந்திருக்கும், படிக்க முடியாது. 'எப்போ வர்றே'ங்கறதை ஆங்கில எழுத்துல அடிக்க நாம பழகினதுக்கு இதுவும் ஒரு காரணம்.

கூகுள் மெசேஜஸ்ல ஷெட்யூல் வசதி 2020-ல் வந்தது. ஐபோன்ல 2024-ல், ஐஓஎஸ் 18 கூட. அதுவும் ஐமெசேஜுக்கு மட்டும், 14 நாளுக்குள்ள.

இப்போ நம்ம முதல் கேள்விக்கு வருவோம். கூகுள் மெசேஜஸ்ல ஷெட்யூல் பண்ணின மெசேஜ் உங்க போன்லயேதான் காத்திருக்கு. அந்த நேரத்துல உங்க போன் ஆஃப்ல இருந்தா அது கிளம்பாது, மறுபடி கனெக்‌ஷன் வந்தாத்தான் போகும்.

பிறந்தநாள் வாழ்த்துன்னா பரவாயில்லை. நீங்க பெங்களூருல வேலை பார்க்கறீங்க, அம்மா தருமபுரி பக்கம் சித்தேரி மலையில இருக்காங்கன்னு வைங்க. 'காலையில முதல் பஸ்ஸுக்கே கிளம்புங்கம்மா, டாக்டர் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கார்'னு சொல்லணும். ராத்திரி தூக்கம் கெட வேண்டாம்னு காலை 5 மணிக்கு ஷெட்யூல் பண்றீங்க. நடுராத்திரி உங்க போன் சார்ஜ் தீர்ந்துடுச்சுன்னா? அம்மாவுக்குச் செய்தி போகாது. பஸ் போயிடும்.

அந்த மாதிரி செய்தியை ராத்திரியே அனுப்பிடுங்க. அம்மா போன் ஆன்ல இருந்தா அவங்க கையிலேயே காத்திருக்கும். ஆஃப்ல இருந்தாலும், டவர் கிடைக்கலைன்னாலும் மெசேஜ் சென்டர் வெச்சிருந்து கொடுக்கும். காலையில ஒரு போனும் பண்ணிடுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.