வாய் திறப்புக் குறைவும் அதன் பொருளும்: சபரகமுவத் தோட்டப்புற நோயாளரிடம் குருத்துக்கல மாற்றுச் சிகிச்சைக்குப் பிந்திய வாய்நோய்களை இனங்காணல்

கொடையாளியிடமிருந்து குருத்துக்கலம் பெற்ற ஒருவருக்குச் சில மாதங்களில் வாய் திறப்புக் குறையுமானால், அதை நாட்பட்ட ஒட்டு எதிர்ப்பு நோயின், அதாவது கொடையாளியின் நோயெதிர்ப்புக் கலங்கள் பெற்றவரின் இழையங்களையே தாக்கும் நிலையின், அடையாளமாகக் கொள்வது மருத்துவ எழுத்தில் ஊறிப்போன வாசிப்பாகும். இவ்வாசிப்பு பெரும்பாலும் வெற்றிலை பாக்குப் போடாத மக்களிடையே உருவானது. இலங்கையின் சபரகமுவ மாகாணத்தில் புளத்கொகுபிட்டியவைச் சூழ்ந்த தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலிருந்து வரும் நோயாளிக்கு அதை அப்படியே பொருத்துவது பிழையான சிகிச்சைக்கு வழிவகுக்கக்கூடும்.

இங்கு வாதத்துக்குரியது, அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகங்களின் ஆதரவில் 2005இல் வெளியான இணக்க அளவுகோலாகும். லைக்கன் பிளானஸ் என்னும் அழற்சி நோயில் காண்பது போன்ற பின்னல் வெண்வரிகள், தடித்த வெண்படலங்கள், இழைய இறுக்கத்தால் குறையும் வாய் திறப்பு ஆகிய மூன்றையும், மேற்சான்று வேண்டாமலே நோயை உறுதிப்படுத்தும் குறிகளாக அது ஏற்றது. 2014ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பட்டியலில் முதலாவது மட்டுமே எஞ்சியது. வெண்படலம் புற்றுநோயாகத் திரிபடையலாம் என்பதால் அதை வெறும் ஒட்டு எதிர்ப்புக் குறியாக எண்ணிவிடக்கூடாது என்பது அதன் நீக்கத்துக்கான நியாயம். இத்துடன் சிக்கல் தீர்ந்தது என்று கருதுவோர் உளர். தீரவில்லை என்பதே சபரகமுவ காட்டும் பாடம்.

2006–2007இல் இம்மாகாணத்தில், தோட்டப் பிரிவையும் உள்ளடக்கி, 30 வயதுக்கு மேற்பட்ட 1,029 பேரிடம் நிகழ்ந்த ஆய்வு, புற்றுநோயாகத் திரிபடையக்கூடிய வாய்க்கோளாறுகளின் பரவலை 11.3 சதவீதமாக மதிப்பிட்டு, அன்றாடம் வெற்றிலை போடுவதை முதன்மையான ஆபத்துக் காரணியாகக் கண்டது. இவற்றுள் ஒன்றான சளிச்சவ்வின்கீழ் நார்த்திசு நோய் பாக்கினால் விளைவது. கன்னத்தின் உட்புறம் வெளிறி, பளிங்கு போல் மாறி, விரலை வைத்து அழுத்தினால் மேலிருந்து கீழாக ஓடும் கயிறு போன்ற பட்டைகள் தட்டுப்படும். மிளகாய் பட்டால் எரிவு, நாக்கை நீட்ட இயலாமை, உண்ணாக்குச் சுருங்குதல் ஆகியனவும் உடன்வரலாம். எரிவு ஒட்டு எதிர்ப்பு நோயிலும் உண்டு என்பதால், நோயாளியின் முறைப்பாட்டை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

திருத்தம் தக்கவைத்த வெண்வரிகளும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவையல்ல. வெற்றிலைக் கூட்டை அடக்கிவைக்கும் கன்னத்தில் லைக்கன் போன்ற வரிகள் தோன்றுவதுண்டு. அவை பெரும்பாலும் ஒன்றையொன்று குறுக்கிடாமல் இணையாக அலையோடுபவை, வைக்கும் இடத்தோடு நின்றுவிடுபவை. பழக்கத்தை நிறுத்தினால் இவ்வரிகள் மறையக்கூடும். நார்த்திசுவோ நிறுத்திய பின்னும் மீளாது. ஆகவே பல வாரங்கள் வெற்றிலையின்றி விடுதியில் கழித்தவரிடம் புதிதாக இருபுறமும் பின்னல் வரிகள் எழுந்தால் ஒட்டு எதிர்ப்பு நோயைச் சந்தேகிப்பதே பொருத்தம். இறுக்கம் மட்டும் தெரிந்தால், அது முன்னரே இருந்ததா என்ற கேள்வி முந்தவேண்டும்.

இழைய மாதிரிப் பரிசோதனை இக்கேள்வியைத் தீர்க்கும் என்ற மறுப்பு பாதியளவே செல்லும். மேற்படலத்தின் கீழே தடித்த கொலாஜன் தெரிந்தால் பாக்கின் கை புலப்படும். ஆனால் மேற்படலம் மெலிதலும் அழற்சிக் கலங்களின் திரட்சியும் இரு பக்கத்துக்கும் பொது. மாற்றுச் சிகிச்சை பெறுவோரிற் பலர் சிறுவர், அவர்களுக்கு இது பொருந்தாது என்பது இன்னும் பலவீனமான மறுப்பு. இரத்தப் புற்றுநோய்க்காக இச்சிகிச்சையை நாடும் வளர்ந்தோரை அது மறந்துவிடுகிறது.

சிகிச்சைக்கு முன் கிருமித்தொற்றுள்ள பற்களைக் களையும் பல் பரிசோதனை ஏற்கெனவே வழக்கில் உள்ளது. அதே அமர்வில் மேல், கீழ் வெட்டும் பற்களிடை தூரத்தை மில்லிமீற்றரில் அளந்து, பட்டைகளையும் வெண்படலங்களையும் இடம் குறித்துப் பதிவது சில நிமிட வேலை. அப்பதிவு இல்லாதபோது, இறுக்கத்தை மட்டும் கண்டு உடல் முழுவதற்குமான நோயெதிர்ப்பு அடக்கிகளைக் கூட்டினால், நார்த்திசு இளகாது. தொற்றுக்கு மட்டும் கதவு திறக்கும். இரு நோயும் ஒருவரிடமே சேர்ந்திருக்கலாம் என்பதை மறுப்பதற்கில்லை. அந்நிலையில் வலியும் புண்ணும் உள்ளவருக்கு டெக்ஸாமெத்தசோன் கரைசலைச் சில நிமிடம் வாயில் வைத்திருந்து துப்பச் செய்வதும், கூடவே கன்டிடா பூஞ்சைத் தொற்றைக் கண்காணிப்பதும் முதற்படி. நீங்காத வெண்படலமோ ஆறாப் புண்ணோ எந்த நோயின் பெயரால் அழைக்கப்பட்டாலும் அதிலிருந்து இழைய மாதிரி எடுக்கப்படவேண்டும், ஏனெனில் பாக்கும் நாட்பட்ட ஒட்டு எதிர்ப்பு நோயும் தனித்தனியே வாய்ப்புற்றுநோயின் ஆபத்தைக் கூட்டுபவை.