தோலைத் தைத்த யந்திரம்

தடித்த தோலையும் கித்தானையும் தைப்பதற்கு யந்திரம் வாங்கப் புறப்படுபவன் முதலிற் கேட்பது ஊசியையும் நூலையும் பற்றித்தான். நியாயமான கேள்வியே. சட்டைத் துணி தைக்கும் யந்திரத்தில் துணியைக் கீழிருந்து சிறு பற்கள் நகர்த்திச் செல்லும். இரண்டு மூன்று மடிப்பாய் வைத்த தோலை அதிலிட்டால் அடித்தோல் முன்னே போகும், மேல்தோல் பின்தங்கும். ஆகவே மேலிருந்தும் தோலைப் பற்றி நடத்திச் செல்லும் பாதம் வேண்டும். தடித்த ஊசி வேண்டும். முரட்டு நூலை இறுக்கி இழுக்கும் வலுவும் வேண்டும். ஆனால் இந்த யந்திரத்தின் சரித்திரத்தைப் புரட்டுவோர்க்கு வேறொரு கேள்வியே முன்வந்து நிற்கிறது: அதைத் தெரிவு செய்யும் உரிமை யார் கையில் இருந்தது?

அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள லின் நகரம் சப்பாத்துக்குப் பேர்போனது. பத்தடிச் சதுரமான சிறு பட்டறைகளிலே ஆண்கள் அடித்தோலைப் பொருத்தினர். பெண்கள் வீட்டிலிருந்தபடியே மேல்தோலைத் தைத்துக் கொடுத்தனர். 1846இல் இலையஸ் ஹோ ஆக்கவுரிமை பெற்ற துணித் தையல் யந்திரம் 1852இல் மெல்லிய தோலுக்கு ஏற்றவாறு திருத்தப்பட்டு லின்னுக்கு வந்தது. முதலிற் பறிபோனது வீட்டுப் பெண்களின் ஊசி. தொழிற்சாலையில் யந்திரத்தின் முன் அமர்ந்த பெண்ணுக்குக் கூலி கூடுதல். வீட்டிலிருந்தவளின் கூலியோ தேய்ந்தது.

1857இன் நெருக்கடிக்குப் பின் கூலி மேலும் வீழ்ந்தது. 1860 பெப்ரவரி 22ஆம் திகதி லின் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். மார்ச் 7ஆம் திகதி பனி கொட்டும் வேளையிலே ஏறக்குறைய 800 பெண்கள் ஊர்வலம் சென்றனர். அதற்கு முந்திய நாள் நியூ ஹேவனிற் பேசிய ஆபிரகாம் லிங்கன், தொழிலாளர் விரும்பியபோது வேலையை நிறுத்தக்கூடிய அமைப்பு நிலவுவதைத் தாம் வரவேற்பதாகச் சொன்னார். ஆயினும் யந்திரப் பெண்களும் வீட்டுப் பெண்களும் கூலிக் கோரிக்கையில் ஒருமுகப்படவில்லை. யந்திரம் அவர்களை முன்னமே இரு கூறாக்கிவிட்டிருந்தது.

அடித்தோல் மட்டும் இன்னும் யந்திரத்துக்கு வசப்படவில்லை. குத்தூசியால் துளையிட்டு, மெழுகிட்ட நூலை இருபுறமும் இழுத்து இறுக்கும் கையின் வேலை அது. தையல் யந்திரக் கம்பனி ஒன்றின் ஊழியனாகச் சப்பாத்துத் தொழிற்சாலைகளுக்குப் போய்வந்த லைமன் பிளேக் என்ற இளைஞன் இதற்கு ஒரு வழி கண்டான். வளைந்த கொம்பு போன்ற ஓர் இரும்புக் கையைச் சப்பாத்தினுள்ளே புகுத்தினான். மேலிருந்து இறங்கும் கொக்கி ஊசி அடித்தோலைத் துளைத்து, கொம்பின் நுனியிலுள்ள நூலைப் பற்றிக்கொண்டு மீளும். சங்கிலித் தையல் விழும். 1858இல் அவனுக்கு ஆக்கவுரிமை கிடைத்தது. வயது 22!

மறு ஆண்டே கோர்டன் மக்கே என்ற முதலாளி அதை வாங்கினார். பேசிய விலை 70,000 டொலர். கையிற் கொடுத்தது 8,000, மிகுதி வருங்கால இலாபத்திலிருந்து. யந்திரம் திருத்தப்பட்டது. 1861இல் உள்நாட்டு யுத்தம் மூண்டது; படைக்குச் சப்பாத்து வேண்டும். மக்கே யந்திரத்தை விற்கவில்லை. குத்தகைக்கு விட்டார். தைத்த ஒவ்வொரு சோடிக்கும் முத்திரை வாங்கி ஒட்டவேண்டும். முத்திரையின் விலை அவருடைய வரும்படி. தொழிற்சாலை முதலாளியே தன் கூடத்திலுள்ள யந்திரத்துக்கு உடையவனல்லன் என்றால், அதன் முன் நின்றவனைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ! 1867இல் தோன்றிய புனித கிறிஸ்பின் வீரர் சங்கம், தொழில் பழகாத புதியவர்க்கு அங்கத்தவர் வேலை கற்றுக்கொடுக்கலாகாது என விதித்தது. கற்றுக்கொடுப்பதை யந்திரமே ஏற்றுக்கொண்ட காலத்தில் அவ்விதி எத்தனை நாள் தாங்கும்?

லின்னில் அந்த மக்கே யந்திரத்தை இயக்கியவர்களுள் ஒருவர் யான் மாற்செலிகர். தென்னமெரிக்காவின் டச்சுக் கயானாவில் அடிமைப் பெண்ணொருத்திக்கு 1852இற் பிறந்தவர். மேல்தோலை மர அச்சின்மீது இழுத்துப் பொருத்தும் வேலையில் கைதேர்ந்தவன் நாளொன்றுக்கு 50 சோடி முடிப்பான். அதை யந்திரத்தாற் செய்ய முடியாதென்றே எல்லோரும் நம்பினர். மாற்செலிகர் இரவுகளில் விழித்திருந்து அந்த யந்திரத்தை ஆக்கினார். முதல் கொடுத்த இருவருக்கு உரிமையில் மூன்றில் இரண்டு பங்கைக் கொடுக்க நேர்ந்தது. 1883இல் ஆக்கவுரிமை, 1889இல் சயரோகத்தால் மரணம், 36 வயதில். நிறம் காரணமாக வேறு தேவாலயங்கள் அவரைப் புறக்கணித்தபோது ஏற்றுக்கொண்ட ஒரேயொரு தேவாலயத்துக்குத் தம் பங்குகளிற் சிலவற்றை விட்டுச் சென்றார். 1903இல் இறந்த மக்கேயின் பெருஞ்செல்வமோ ஹார்வார்ட் சர்வகலாசாலைக்குப் போயிற்று.

1899இல் சப்பாத்து யந்திரக் கம்பனிகள் இணைந்து ‘யுனைட்டட் ஷூ மெஷினரி’ என ஒன்றாயின. முக்கியமான யந்திரங்களைப் பத்தாண்டுக் குத்தகைக்கே கொடுப்பது அதன் வழக்கம். அமெரிக்க அரசாங்கம் தொடுத்த வழக்கில், 1953இல் நீதிபதி வைசான்ஸ்கி தீர்ப்பளித்தார்: குத்தகைக் காலம் ஐந்தாண்டுக்கு மேற்படலாகாது, யந்திரங்களை விலைக்கும் கொடுக்கவேண்டும். மறு ஆண்டு உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. லைமன் பிளேக் தன் கொம்பு யந்திரத்துக்கு ஆக்கவுரிமை பெற்று அப்போது ஏறக்குறைய நூறாண்டு கழிந்திருந்தது.