தானாகத் திரும்பும் கழுத்து



நேற்று பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். வெளிநாட்டில் ஒருவர் இன்னொருவர் கழுத்தைப் பிடித்துப் படக்கென்று திருப்புகிறார். "சார், அப்பாவுக்குக் கழுத்து தானாக ஒரு பக்கம் இழுக்கிறது. கைரோபிராக்டிக் என்று புதிதாக வந்திருக்கிறதாம், கூட்டிப் போகலாமா?" என்று கேட்டிருந்தார். பதிலை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

கையால் வைத்தியம் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. எங்கள் ஆச்சி காலத்தில் கழுத்து சுளுக்கினால் உலக்கையை உருட்டுவார்கள். காலால் பிறந்தவர்களைத் தேடிப்பிடித்து நீவச் சொல்வார்கள். பொதிகை அகத்தியரை ஆதி ஆசானாகக் கொண்ட சித்த மருத்துவத்தில் இது முறையான கலை. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று தொக்கணம் மட்டுமே ஒன்பது வகை. வர்மப் புள்ளிகள் 108 என்பது மரபுக் கணக்கு. 1964இல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி வந்தது. ஆசானிடம் சீடன் கற்ற வித்தை கல்லூரிப் பாடமும் ஆனது.

கைரோபிராக்டிக்கும் புதிதல்ல. 1895இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டி.டி. பால்மர் என்பவர், காது மந்தமான ஹார்வி லில்லார்டின் முதுகெலும்பை அழுத்திக் காது கேட்க வைத்ததாகச் சொன்னார். அங்கே தொடங்கியது. 'கையால் செய்வது' என்பதே கிரேக்கச் சொல்லின் பொருள். எலும்பு விலகுவதுதான் பெரும்பாலான நோய்க்குக் காரணம் என்பது அவர் கொள்கை.

சாதாரணச் சுளுக்குக்குப் பக்குவமான கை சுகம் தரும். தானாகத் திரும்பும் கழுத்து அப்படியல்ல. மூளைக்குள் ஆழத்தில், அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதியில் ஏற்படும் கோளாறு அது. 1911இல் ஜெர்மன் மருத்துவர் ஓப்பன்ஹைம் இவ்வகைக் கோளாறுக்கு 'டிஸ்டோனியா' என்று பெயர் வைத்தார். அதன் பிறகும் பல காலம் இதை மனநோய் என்றே பலர் நினைத்தார்கள்.

நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். எங்கள் பள்ளியில் ஓர் ஆசிரியர் இருந்தார். கரும்பலகையில் எழுதும்போது அவர் தலை மெல்ல இடப்பக்கம் திரும்பும். தாடையில் ஒரு விரலை வைத்தால் நேராகிவிடும். "விரல் வைத்தால் நிற்கிறதே, அப்போ நடிப்புதானே" என்று ஆசிரியர் அறையில் பேசினோம். உங்களில் சிலர் அவரைப்போலச் செய்து காட்டினீர்கள். கண்டிக்க வேண்டிய நானும் சிரித்தேன். விரல் பட்டதும் நேராவதே அந்த நோயின் அடையாளம் என்று பல வருடம் கழித்துத்தான் படித்தேன்.

சுளுக்கு என்று நம்பி அவர் போகாத இடமில்லை. ஓரிடத்தில் கழுத்தை வெடுக்கென்று திருப்பிவிட, ஒரு வாரம் படுத்த படுக்கை. அதோடு போயிற்றே என்று இப்போது நினைக்கிறேன். அப்படித் திருப்பும்போது அபூர்வமாகக் கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதமே வரலாம்.

ஆகவே தம்பி, அப்பாவை முதலில் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். இழுக்கும் தசையில் போட்டுலினம் ஊசி போடுகிறார்கள். அமெரிக்காவில் 2000இல் இந்நோய்க்கு அனுமதி பெற்ற மருந்து. முற்றிலும் குணமாக்காது, சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டிவரும். கூடவே பிசியோதெரபி உதவும். கைரோபிராக்டிக் இதைக் குணப்படுத்தும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. எண்ணெய் போட்டு இதமாகப் பிடித்துவிட்டால் வலி கொஞ்சம் ஆறலாம். அதையும் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். கழுத்தை மட்டும் யாரும் வெடுக்கென்று திருப்ப விடாதீர்கள்.

அந்த ஆசிரியர் இன்று இல்லை. மன்னிப்புக் கேட்க எனக்கு இந்தப் பதிவுதான் இருக்கிறது. யாருக்காவது கழுத்து திரும்பினால் சிரிக்காதீர்கள், பிள்ளைகளே.