பின்ன வகையீட்டின் வரலாறு

ஒரு சார்பினை ஒருமுறை வகையிடலாம், இருமுறையும் வகையிடலாம். அரைமுறை வகையிடுதல் எங்ஙனம்? 1695ஆம் ஆண்டில் லொப்பித்தாலுக்கு வரைந்த கடிதமொன்றில் லைப்னிற்ஸ் இவ்வினாவை ஆராய்ந்து, முரண்பாடாகத் தோன்றும் இதனின்று ஒருநாள் நற்பயன் விளையுமெனக் கருதினார்.

1823இல் நோர்வே நாட்டு ஏபெல், எவ்விடத்திலிருந்து நழுவினும் ஒரே நேரத்தில் அடிசேர்க்கும் வளைகோட்டை ஆராய்கையில் அதற்கு முதற்பயன் கண்டார். 1832இல் லியூவில் அதனை ஒரு முறையாக வகுத்தார். 1967இல் இத்தாலியரான கப்பூற்றோ, தொடக்க நிலைமைகளை எளிதில் ஏற்கும் வரைவிலக்கணத்தை அளித்தார்.

சாதாரண வகையீடு அக்கணத்தையே நோக்கும். பின்ன வகையீடோ கடந்தகாலம் முழுவதையும் கணக்கிற் கொள்ளும். பிசுக்குமையும் மீள்தன்மையும் ஒருங்கேயுடைய பாய்பொருள்கள் தாம் முன்னர் உற்ற விகாரத்தை உடனே மறப்பனவல்ல. ஆதலின் அவற்றுக்கு இக்கணிதம் பொருந்துகின்றது.

காந்தப்புலத்தில் இரசத்தின் ஓட்டத்தை 1937இல் டென்மார்க்கு நாட்டு ஹாட்மன் ஆராய்ந்தார். அவர் வளர்த்த அத்துறையில், வெப்பமும் திணிவும் இடம்பெயரும் ஓட்டங்களுக்கு இன்று பின்னச் சமன்பாடுகள் எழுதப்படுகின்றன.

ஆயினும் அப்பின்னத்தின் பெறுமானத்தைக் கணிதவறிஞர் தம் விருப்பப்படி கொள்ளுதல் தகாது. பரிசோதனையே அதனை உரைத்தல் வேண்டும். பயன் தோன்றாத வினாவை இகழ்தலும் தவறு. பயன் தோன்றியபின் அதனைச் சோதியாது விடுதலும் தவறு.