நலிந்த கோழிக்குஞ்சுப் பராமரிப்பு

நலிந்த கோழிக்குஞ்சுப் பராமரிப்பு என்பது, முட்டையிலிருந்து வெளிவந்த முதல் சில நாட்களில் எழுந்து நிற்கவோ, நீர் அருந்தவோ, இரை எடுக்கவோ இயலாத குஞ்சுக்கு வெப்பம், நீர், உணவு, தூய்மை ஆகியவற்றை முறையாக அளித்து அதனைப் பிழைக்கச் செய்வதாகும். இவற்றை அளிக்கும் வரிசை முக்கியமானது. முதலில் வெப்பம், அடுத்து நீர், அதன் பின்னரே உணவு அளிக்கப்படல் வேண்டும்.

பின்னணி

கோழி முட்டையின் அடைகாலம் 21 நாட்கள் ஆகும். ஓட்டில் முதல் விரிசல் ஏற்பட்டதிலிருந்து குஞ்சு முழுமையாக வெளிவர 24 மணிநேரம் வரை ஆகலாம். இந்நேரத்தில் ஓட்டின் உட்சவ்விலுள்ள இரத்தக் குழாய்கள் மெல்ல வற்றுகின்றன. அதற்கு முன்னர் ஓட்டை உரித்துக் குஞ்சை வெளியே எடுத்தால் இரத்தக்கசிவு ஏற்பட்டு அது இறக்கக்கூடும்.

பொரிப்பதற்குச் சற்று முன்னர், எஞ்சிய மஞ்சள் கரு குஞ்சின் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளப்படுகின்றது. இதுவே முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு அதன் உணவாகும். ஒருநாள் குஞ்சுகளைத் தீவனமின்றித் தொலைவிடங்களுக்கு அனுப்ப இயல்வது இதனாலேயே. ஐக்கிய அமெரிக்காவில் 1918 ஆம் ஆண்டு முதல் இவை அஞ்சல் வழியாகவும் அனுப்பப்பட்டு வருகின்றன. ஆகவே முதல் நாளில் இரை எடுக்காத குஞ்சைப் பட்டினி கிடப்பதாகக் கருத வேண்டியதில்லை. குளிரும் நீரிழப்புமே அதற்குப் பெரும் ஆபத்துகள் ஆகும்.

நலிவின் அறிகுறிகள்

* கண்களை மூடியபடி, தலை தொங்கி, சிறகுகள் தளர்ந்திருத்தல்
* இடைவிடாத, உரத்த கீச்சொலி. நிலைமை மோசமாகும்போது ஒலியே எழுப்பாமை
* தொடுகையில் கால்கள் குளிர்ந்திருத்தல்
* கழிவுவாயில் எச்சம் ஒட்டிக் காய்ந்திருத்தல்
* கால்கள் இருபுறமும் விரிந்து நிற்க இயலாமை

வெப்பம் அளித்தல்

இளங்குஞ்சின் உடலைப் போர்த்தியுள்ள மென்தூவி குளிரைத் தாங்கப் போதுமானதன்று. தன் உடல் வெப்பத்தைத் தானே பேணும் ஆற்றல் அதற்கு முதல் சில வாரங்களில் படிப்படியாகவே வளர்கின்றது. எனவே முதல் வாரத்தில் குஞ்சு இருக்குமிடத்தில் 32 முதல் 35 பாகை செல்சியசு வெப்பநிலை தேவை. பின்னர் வாரத்திற்கு ஏறத்தாழ 3 பாகை வீதம் குறைத்துக்கொள்ளலாம்.

அட்டைப் பெட்டியில் நெல் உமி பரப்பி, அதன் மேல் சொரசொரப்பான துணியை விரித்து, ஒரு புறத்தில் மட்டும் 40 அல்லது 60 வாட்டு இழைக் குமிழ்விளக்கைத் தொங்கவிடுவது எளிய முறையாகும். எல்இடி விளக்குகள் போதிய வெப்பம் தருவதில்லை. விளக்கு துணியையோ அட்டையையோ தொடாதிருத்தல் வேண்டும். மறுபுறம் குளிர்ச்சியாக இருப்பின் குஞ்சு தனக்கு ஏற்ற இடத்தைத் தேடிக்கொள்ளும். விளக்கடியில் ஒடுங்கி நின்றால் வெப்பம் போதவில்லை என்றும், விலகிச் சென்று வாயைத் திறந்து மூச்சிரைத்தால் வெப்பம் மிகுந்துள்ளது என்றும் அறியலாம்.

நீரும் உணவும்

உடல் சூடேறிய பின்னர் வெதுவெதுப்பான நீர் அளிக்கப்படுகின்றது. ஒரு லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை கலந்து முதல் நாளில் கொடுக்கலாம். அலகின் நுனியை மட்டும் நீரில் தோய்த்தால் குஞ்சு தானே விழுங்கப் பழகும். இயலாதபோது அலகின் ஓரத்தில் ஒரு துளி வைத்து, அது விழுங்கிய பின்னரே அடுத்த துளியை வைத்தல் வேண்டும். மூச்சுக்குழாயின் வாய் நாக்கின் அடிப்பகுதிக்குப் பின்னால் அமைந்துள்ளதால், வாய்க்குள் நீரைப் பீய்ச்சினால் அது நுரையீரலுக்குள் சென்றுவிடக்கூடும். நீர்த் தட்டில் கூழாங்கற்களை இட்டு வைத்தால் குஞ்சு மூழ்காது.

குஞ்சு தெளிவடைந்ததும் பொடித்த குஞ்சுத் தீவனத்தை நீரில் குழைத்துக் கொடுக்கலாம். அவித்த முட்டையின் மஞ்சள் கருவைச் சிறிதளவு மசித்தும் கொடுப்பதுண்டு. பறவைகளால் பாற்சர்க்கரையைச் சரிவரச் செரிக்க இயலாது என்பதால் பால் ஏற்றதன்று.

பொதுவான குறைபாடுகள்

* கழிவுவாய் அடைப்பு: வெந்நீரில் நனைத்த துணியால் ஊறவைத்து மெதுவாகத் துடைத்து, உடனே உலர்த்த வேண்டும். காய்ந்ததைப் பிய்த்தெடுத்தால் தோல் கிழியும். வயிற்றுப் பக்கம் உள்ள கொப்பூழ்த் தழும்பைக் காய்ந்த எச்சமெனத் தவறாகக் கொள்ளலாகாது.
* கால் விரிதல்: வழுக்கும் தரையால் பெரும்பாலும் ஏற்படுகின்றது. மென்மையான ஒட்டுத்துணியால் இரு கால்களையும் இயல்பான இடைவெளியில் இணைத்துக் கட்டினால், முதல் நாட்களில் பல குஞ்சுகள் சீரடைகின்றன.
* விரல் சுருளல்: உயிர்ச்சத்து பி2 குறைபாடு ஒரு காரணமாகும்.
* கொப்பூழ் அழற்சி: வயிறு வீங்கி, கொப்பூழ் ஈரமாகித் துர்நாற்றம் வீசும். நுண்ணுயிர்த் தொற்றால் ஏற்படும் இதிலிருந்து மீள்வது அரிது.

மீண்டும் கூட்டத்தில் சேர்த்தல்

குஞ்சுகள் நலிந்ததைக் கொத்தும் இயல்புடையவை என்பதால் தொடக்கத்தில் அதனைப் பிரித்து வைத்தல் நன்று. எனினும் தனிமையும் குஞ்சை வருத்தும். மற்றக் குஞ்சுகளைக் காணவும் கேட்கவும் இயலும்படி கம்பிவலைத் தடுப்பு அமைக்கலாம். தாய்க்கோழி இருப்பின், குஞ்சு வலுவடைந்த பின்னர் இரவில் அதன் சிறகடியில் வைத்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். காலையில் சிறிது நேரம் கண்காணித்தல் வேண்டும்.

வரம்புகளும் எச்சரிக்கையும்

குளிராலும் நீரிழப்பாலும் மட்டும் சோர்ந்த குஞ்சு சில மணிநேரத்திலேயே தெளிவடைவதுண்டு. உள்ளுறுப்புக் குறையோ கடும் தொற்றோ உள்ள குஞ்சு எவ்வளவு பேணியும் பிழைக்காமல் போகலாம். அது வளர்ப்பவரின் தவறன்று. மீள இயலாது துன்புறும் குஞ்சு குறித்துக் கால்நடை மருத்துவரின் முடிவை நாடுதல் நலம். பல குஞ்சுகள் ஒருசேர நலிந்தால் தொற்றுநோய் எனக் கருதி உடனே மருத்துவரை அணுகல் வேண்டும். நலமாகத் தோன்றும் குஞ்சுகளிலும் சால்மோனெல்லா நுண்ணுயிரி இருக்கக்கூடும். ஆகையால் தொட்ட பின்னர் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல் இன்றியமையாதது. சிறுவர்கள் குஞ்சை முத்தமிடுவதைத் தவிர்த்தல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* கோழி வளர்ப்பு
* அடைகாத்தல்
* வெள்ளைக் கழிச்சல் நோய்