மணி என்ன சார்?

அசோக் நகர் தூணிலிருந்து நடந்துபோகிற தூரத்தில், எனக்குத் தெரிந்த ஓர் ஆடிட்டரின் ஆபீஸ். மாடியில் ஒரே ஹால். நாலு கம்ப்யூட்டர், தடுப்புக்குப் பின்னால் ஒரு சர்வர், சுவரில் தினசரி காலண்டர். சில வருடங்களுக்கு முன் ஒரு 20-ம் தேதி காலையில் அங்கே போய் மாட்டிக்கொண்டேன். ஜி.எஸ்.டி. ரிட்டர்னுக்குக் கடைசி நாள் என்றால் ஆடிட்டர் ஆபீஸ் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று கம்ப்யூட்டர்கள் ஒழுங்காக வேலை செய்தன. நாலாவது, உள்ளே விட மாட்டேன் என்றது. பெயர் அடித்து, பாஸ்வேர்டு அடித்து என்டரைத் தட்டினால் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது. அதை யாரும் முழுசாகப் படிக்கவில்லை. பொதுவாக நாம் படிப்பதில்லை. ‘முடியாது’ என்கிறது, அவ்வளவு தெரிந்தால் போதும் நமக்கு!

அந்த மெஷினில் உட்காருகிற பெண் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

“ராத்திரி கடைசியா போனது நீதானேம்மா? பாஸ்வேர்டை மாத்தித் தொலைச்சிட்டியா?”

“இல்ல சார். நான் ஒண்ணுமே பண்ணல சார்.”

“பின்னே அதுவா மாறிக்குமா?”

அவள் அழாத குறை. சர்வீஸ் பையன் வந்தான். கேபிளை ஆட்டிப் பார்த்தான், கேப்ஸ் லாக் பார்த்தான். பிறகு ஒரு காரியம் செய்தான். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, பக்கத்து மெஷினில் அவளுடைய பெயரையும் பாஸ்வேர்டையும் அடிக்கச் சொன்னான். ஜம்மென்று திறந்துகொண்டது. ஆக, தப்பு அவளிடம் இல்லை, மெஷினில் இருக்கிறது. அப்புறம்தான் அந்த ஆங்கில வரியைப் படித்தான். திரையின் மூலையைப் பார்த்துச் சிரித்தான்.

“இந்த கம்ப்யூட்டர்ல இன்னிக்கு என்ன தேதி தெரியுமா சார்? 2009, ஜனவரி ஒண்ணு!”

தேதி தப்பாக இருந்தால் கதவு ஏன் திறக்காது? பாஸ்வேர்டுக்கும் கடிகாரத்துக்கும் என்ன சம்பந்தம்? இதற்கு அறுபது வருடம் பின்னால் போக வேண்டும்.

1961-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கார்பட்டோ என்பவரின் குழு, ஒரே கம்ப்யூட்டரைப் பல பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறையைச் செய்து காட்டியது. ஆளுக்கு இத்தனை மணி நேரம், ஆளுக்குத் தனிக் கோப்பு. அவற்றைப் பிரித்து வைக்க ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்தார்கள். மறு வருடமே அங்கே ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆலன் ஷெர், தனக்குக் கொடுத்த நேரம் போதாமல், பாஸ்வேர்டு பட்டியல் முழுவதையும் அச்சடித்துத் தரும்படி அந்தக் கம்ப்யூட்டருக்கே ஒரு துளை அட்டை எழுதிப் போட்டார். அதுவும் சமர்த்தாக அச்சடித்துக் கொடுத்துவிட்டது! பல வருடங்கள் கழித்து அவரே ஒப்புக்கொண்ட விஷயம் இது.

பூட்டு பிறந்த மறு வருடமே கள்ளச்சாவி. ஒரே மெஷினில் இந்தக் கதி என்றால், கம்பிகளால் இணைந்த நூறு மெஷின்களில்? பாஸ்வேர்டு கம்பி வழியாகப் போனால் வழியில் யாராவது ஒட்டுக்கேட்பான். அதனால் பாஸ்வேர்டை அனுப்பாமலே ‘நான்தான் இன்னார்’ என்று நிரூபிக்க ஒரு வழியை 1978-ல் நீதாம், ஷ்ரோடர் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். ரகசிய எழுத்தில் பூட்டிய சீட்டுகளைப் பரிமாறிக்கொள்கிற முறை. அதிலும் ஓட்டை இருந்தது. பழைய சாவி ஒன்று திருடன் கையில் சிக்கிவிட்டால், அன்றைக்குப் பிடித்து வைத்த சீட்டை என்றைக்கு வேண்டுமானாலும் திரும்ப நீட்டி அவன் உள்ளே வந்துவிடலாம்.

1981-ல் டோரதி டென்னிங், ஜோவான்னி சாக்கோ இருவரும் மருந்து சொன்னார்கள். ரொம்ப எளிமையான மருந்து. சீட்டில் நேரத்தைப் போடு!

உதயம் தியேட்டர் இருந்த காலத்தில் நேற்றைய மேட்னி டிக்கெட்டை இன்றைய இரவுக் காட்சிக்கு நீட்டினால் வாசலில் என்ன நடக்கும்? டிக்கெட் அசல்தான். ஆனால் செல்லாது. அதே கதைதான்.

இந்த யோசனைகளைச் சேர்த்து எம்.ஐ.டி.யில் ஒரு முறையை உருவாக்கி, 1988-ல் ஸ்டைனர், நியூமன், ஷில்லர் என்ற மூவர் விவரமாக எழுதினார்கள். பெயர் கெர்பரோஸ். கிரேக்கப் புராணத்தில் பாதாள லோகத்தின் வாசலைக் காக்கிற மூன்று தலை நாய். விண்டோஸ் 2000 வந்தபோது மைக்ரோசாஃப்ட் இந்த நாயைத்தான் ஆபீஸ் நெட்வொர்க்கின் வாசலில் கட்டியது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டரின் நேரமும் சர்வரின் நேரமும் வழக்கமாக 5 நிமிடம் வரை முன்னே பின்னே இருக்கலாம். அதற்கு மேல் போனால் பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும் நாய் குரைக்கும்.

வலையில் சேர வேண்டுமானால் எல்லோர் மணியும் ஒன்றாக இருக்க வேண்டும். இது கம்ப்யூட்டர்காரர்கள் கண்டுபிடித்த நியாயம் என்று நினைக்காதீர்கள். அசோக் நகரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, நுங்கம்பாக்கத்தில் இதற்கு ஒரு கல் சாட்சி இருக்கிறது.

இன்றைக்கு வானிலை மையம் இருக்கிற வளாகத்தில் 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு வானாய்வகம் கட்டியது. கருவியைத் தாங்க நிறுத்திய கருங்கல் தூண் இன்னும் நிற்கிறது. தமிழிலும் அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். 1802-ல் ஜான் கோல்டிங்ஹாம் என்ற வானியலாளர் இங்கிருந்து கணக்குப் போட்டு, மெட்ராஸின் நேரம் கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தியது என்று நிர்ணயித்தார். அதுதான் ‘மெட்ராஸ் டைம்’.

அப்போது ஊருக்கு ஒரு மணி. பம்பாய் நம்மைவிட அரை மணி பின்னால், கல்கத்தா அரை மணிக்குக் கொஞ்சம் கூடுதலாக முன்னால். ரயில் வராத வரைக்கும் இது யாருக்கும் உறுத்தவில்லை. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் ஓடியது. பிறகு தண்டவாளங்கள் நாடு முழுக்க ஒன்றோடொன்று சேர்ந்தன. ஒரே பாதையில் எதிரெதிரே வருகிற இரண்டு ரயில்களின் டிரைவர்கள் வேறு வேறு மணி வைத்திருந்தால் என்ன ஆகும், நினைத்துப் பாருங்கள். அதனால் 1870 வாக்கில் இரண்டு பெரிய ஊர்களுக்கும் நடுவே இருந்த மெட்ராஸின் மணியை ரயில்வேக்குப் பொது மணி ஆக்கினார்கள். நுங்கம்பாக்கத்தில் நட்சத்திரம் பார்த்துக் கணித்த நேரம் தந்திக் கம்பி வழியாக ஸ்டேஷன்களுக்குப் போனது. அதாவது, இந்தியாவின் முதல் ‘டைம் சர்வர்’ நம் ஊரில்தான் இருந்தது!

1906 ஜனவரி 1 முதல் இந்தியாவுக்கெல்லாம் ஒரே நேரம், கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால். மெட்ராஸ் தன் முள்ளை 8 நிமிடம் 46 விநாடி தள்ளி வைத்துக்கொண்டது. கல்கத்தா 1948 வரைக்கும், பம்பாய் 1955 வரைக்கும் தங்கள் பழைய மணியையும் விடாமல் வைத்திருந்தன.

இப்போது ஒரு கணக்கு. பழைய மெட்ராஸ் டைமில் ஓடுகிற ஒரு கம்ப்யூட்டரை இன்றைய ஆபீஸ் நெட்வொர்க்கில் மாட்டினால்? வித்தியாசம் கிட்டத்தட்ட 9 நிமிடம். நாய்க்கு 5 நிமிடம்தான் பொறுமை. வெளியே போ!

சரி, அசோக் நகருக்குத் திரும்புவோம். மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் மாதிரி 3 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு. கரன்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். உங்கள் மெஷினும் ஒருநாள் இப்படி அடம் பிடித்தால் தேதி, வருடம், ஏ.எம்.-பி.எம். எல்லாம் பாருங்கள். நேர மண்டலத்தையும் பாருங்கள். அது வேறு நாட்டில் இருந்தால், மணி சரியாகத் தெரிந்தாலும் உள்கணக்கு தப்பாகிவிடும்.

பையன் ஐம்பது ரூபாய் பேட்டரியை மாற்றினான், தேதியைத் திருத்தினான். பெண் பாஸ்வேர்டு அடித்தாள். திறந்தது.

“பேட்டரி ஏன்டா இவ்வளவு சீக்கிரம் போச்சு?” என்றார் ஆடிட்டர்.

“பழைய மெஷின் சார். தினம் ராத்திரி மெயினை ஆஃப் பண்ணிடறீங்க போல. அப்பெல்லாம் பேட்டரிதான் ஓட்டணும்.”

ராத்திரி மெயினை அணைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது ஆடிட்டர் போட்ட உத்தரவு. கரன்ட் பில் மிச்சமாகுமாம். அவர் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, எல்லோருக்கும் காபி சொல்லச் சொன்னார். முதல் டம்ளரை அந்தப் பெண்ணின் மேஜையில் அவரே கொண்டுபோய் வைத்தார்.

மன்னிப்பு என்ற வார்த்தையை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. அதை நானும் கவனித்தேன், அவளும் கவனித்தாள்.