மந்திர வாளுக்கு விலை என்ன? - வீட்டு விதிகளின் கதை

1974ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து ஒரு பெட்டி விற்பனைக்கு வந்தது. உள்ளே மூன்று சின்னப் புத்தகங்கள். விலை 10 டாலர். முதலில் அச்சிட்டது வெறும் 1000 பிரதிகள். பெயர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. எழுதியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன்.

நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரனாகவோ, மந்திரவாதியாகவோ, திருடனாகவோ மாறி "நான் இதைச் செய்கிறேன்" என்பார்கள். ஜெயமா தோல்வியா என்பதைப் பகடை சொல்லும். அவ்வளவுதான் விளையாட்டு.

இந்த விளையாட்டு பிறந்ததே வீட்டு விதியிலிருந்துதான். 1971ல் 'செயின்மெயில்' என்ற போர் விளையாட்டுப் புத்தகம் வந்தது. அதை மினசோட்டாவில் நண்பர்களோடு ஆடிப் பார்த்த ஆர்னசன், போதாத இடங்களில் சொந்த விதிகளைச் சேர்த்துக்கொண்டே போனார். அதனால்தானோ என்னவோ, 1974ன் மூன்றாவது புத்தகம் முடியும்போது, "எல்லாவற்றையும் எங்களிடம் கேட்காதீர்கள், நீங்களே முடிவு செய்யுங்கள்" என்ற தொனியில் முடிகிறது.

சுதந்திரம் கொடுத்தாயிற்று. சிக்கல் எங்கே வந்தது? மந்திரப் பொருட்களில்தான்!

கணக்கைப் பாருங்கள். தாக்குதலுக்கு 20 முகப் பகடையை உருட்ட வேண்டும். '+1 வாள்' வைத்திருந்தால் விழுந்த எண்ணோடு ஒன்று கூடும். அதாவது வெற்றி வாய்ப்பு 5 சதவீதம் அதிகம். '+5 வாள்' என்றால் 25 சதவீதம். தாராள மனசுள்ள ஒருவர் கதையை நடத்தினால், நாலு வாரத்தில் எல்லார் கையிலும் இப்படி ஒரு வாள் இருக்கும். அப்புறம் டிராகனைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? பயம் போனால் விளையாட்டும் போச்சு.

பரிசுகளை அள்ளிக் கொடுக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றை நடத்தியவர் மான்ட்டி ஹால். அவர் பெயரையே இந்த வகை ஆட்டத்துக்குக் கேலியாக வைத்துவிட்டார்கள். 1976ல் வந்த ஒரு துணைப் புத்தகத்தின் முன்னுரையிலேயே இந்த வள்ளல்களுக்குக் குட்டு விழுந்தது.

அடுத்து கைகாக்ஸ் கடிவாளத்தை இழுத்தார். 1977 முதல் 1979 வரை 'அட்வான்ஸ்டு' என்ற அடைமொழியோடு மூன்று தடிப் புத்தகங்கள் வந்தன. ஒருவர் இரண்டு மந்திர மோதிரத்துக்கு மேல் அணியக் கூடாது, இரண்டு மந்திரத் திரவங்களைக் கலந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தனி அட்டவணை என்று எல்லாவற்றுக்கும் சட்டம். எல்லா ஊரிலும் ஒரே மாதிரி ஆட வேண்டும் என்பது 1979 புத்தக முன்னுரையின் வாதம். வேடிக்கை என்னவென்றால், அதே புத்தகத்தின் பின்னுரை விதியின் எழுத்தைவிட ஆட்டத்தின் உயிர்தான் முக்கியம் என்கிறது. மிகப் பெரிய மந்திரப் பொருட்களின் சக்திகளை நடத்துபவரே எழுதிக்கொள்ளட்டும் என்று வெற்றிடமும் விட்டிருந்தார்கள்!

இது வெறும் கொள்கைச் சண்டை இல்லை. புதிய புத்தகங்களுக்கு ராயல்டி கேட்டு ஆர்னசன் 1979ல் வழக்குப் போட்டார். 1981ல் சமரசம் ஆனது. எது பழைய ஆட்டம், எது புது ஆட்டம் என்ற கேள்விக்குப் பின்னால் பணமும் இருந்தது.

1997ல் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் இந்த விளையாட்டை வாங்கியது. 2000ல் வந்த மூன்றாம் பதிப்பு மந்திரத்துக்கு விலைப்பட்டியலே போட்டது. கூடுதல் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, அதை 2000 ஆல் பெருக்க வேண்டும். '+1' மந்திரத்துக்கு 2000 பொற்காசு, '+2'க்கு 8000, '+5'க்கு 50,000. நியாயமான கணக்குதான். ஆனால் அற்புதமாக இருக்க வேண்டிய வாள் மளிகைக் கடைச் சாமான் ஆகிவிட்டதே என்று பலர் வருந்தினார்கள். "என் உலகத்தில் மந்திரக் கடை கிடையாது" என்ற வீட்டு விதி பல மேசைகளில் வந்தது. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. அந்தப் பதிப்பின் அரக்கர்கள் வீரர்களிடம் நல்ல ஆயுதம் இருக்கும் என்று நம்பி வடிவமைக்கப்பட்டவர்கள். கடையை மூடினால் அரக்கர்களையும் திருத்த வேண்டும். ஒரு செங்கல்லை உருவினால் சுவரே ஆடும் கதை.

2014ன் ஐந்தாம் பதிப்பு வேறு வழி பிடித்தது. சக்திவாய்ந்த பல பொருட்களோடு முதலில் மனதால் பிணைய வேண்டும். அப்படி ஒருவர் மூன்று பொருட்களோடு மட்டுமே பிணைய முடியும். மந்திரப் பொருளே இல்லாவிட்டாலும் ஆட்டம் நடக்கும். ஆனாலும் வீட்டு விதி ஓயவில்லை. அந்தப் பதிப்பில் காயம் ஆற்றும் மருந்தைக் குடித்தால் அந்த முறைக்கான முழுச் செயலும் செலவாகிவிடும். இது கொடுமை என்று எத்தனையோ மேசைகளில் அதைச் சிறு செயலாக மாற்றி ஆடினார்கள். கடைசியில் 2024ல் வந்த திருத்தப் புத்தகத்தில் அதுவே அதிகாரபூர்வ விதி ஆனது!

"நீங்களே முடிவு செய்யுங்கள்" என்று 1974ல் சொன்ன புத்தகம், 50 வருடம் கழித்து விளையாடியவர்கள் முடிவு செய்ததை அச்சிட்டுக் கொடுத்தது. மந்திர வாளின் விலை எந்த அட்டவணையில் இருந்தாலும், அதை ஒப்புக்கொள்ள வேண்டியது மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் அந்த நாலைந்து பேர்தான்.